தோழியர் படை

தோழி என்னும் சொல்லைப் பல்லாண்டுகள் வகுப்பிற் கற்பித்தவன் நான். அச்சொல்லை எண்ணுந்தோறும் சங்கப் பாடல்களின் தோழியோடு, இங்கிலாந்தின் வயல்களிற் பாடுபட்ட மகளிரும் என் நினைவுக்கு வருவர்.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. உழவர் பலர் போர்க்களம் புகுந்தனர். உணவேற்றி வந்த கப்பல்களைப் பகைவரின் நீர்மூழ்கிகள் தாக்கின. நாட்டின் பசி தீர்க்க முன்வந்தது மகளிர் நிலப்படை. 1944-க்குள் அதில் 80,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய பலர் பால் கறக்கவும் நிலம் உழவும் கற்றனர்.

பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் வாழ்ந்தோர்க்குத் துணை யார்? அருகிருந்த தோழியே. கொப்புளம் கண்ட கைக்கு மருந்திட்டவளும் அவள். போர்முனையினின்று துயரச் செய்தி வந்த இரவில் உடன் விழித்திருந்தவளும் அவள். உடன் பிறவாதார் உடன்பிறந்தார் ஆயினர்.

அப்படையின் தலைவி டென்மன் சீமாட்டி. போருக்குப் பின் ஏனைய படைமகளிர்க்கு வழங்கவிருந்த நலன்கள் நிலப்படையினர்க்கு மறுக்கப்பட்டன. அது கண்டு பொறாத அவர், 1945 பிப்ரவரியில் தம் பதவியைத் துறந்தார். 1950-இல் படை கலைக்கப்பட்டது. எஞ்சியிருந்தோர்க்கு 2008-இல்தான் அரசு பாராட்டுச் சின்னம் அளித்தது. அதற்குள் பலர் மறைந்துவிட்டனர்.

மாணவர்காள்! இன்பத்தில் உடனிருத்தல் எளிது. துன்பத்தில் உடனிருத்தல் அரிது. தோழர்க்கு உரியது மறுக்கப்படுங்கால், தமக்குரியதையும் துறந்து அவர் பக்கம் நிற்றல் அதனினும் அரிது. அவ்வரிய செயலையே நான் நட்பு என்பேன்.