எல்லாப் பழியும் சரக்கு மேலயா?

"நைட்டு கொஞ்சம் குடிப்பேன் சார், அதான் அடிக்கடி யூரின் வருது." ஓபியில் நான் அடிக்கடி கேட்கும் வசனம். பாதி உண்மைதான்.

மூளையில் சுரக்கும் ஏடிஹெச் ஹார்மோன், "தண்ணியை வெளியே விடாதே" என்று கிட்னியிடம் சொல்லும். ஆல்கஹால் அந்த ஹார்மோனை அடக்கிவிடும். அதனால்தான் யூரின் கொட்டுது, மறுநாள் நாக்கு வறளுது. ஆனா இது சில மணி நேர விஷயம்தான்.

குடிக்காத நாளிலும் போகுதுன்னா?

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் யூரினில் இறங்க ஆரம்பிக்கும். போகும்போது தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். அதான் அந்தத் தாகம்.

போன மாசம் வந்த ஒரு லாரி டிரைவர், ஆறு மாசமா சரக்கைத்தான் காரணம்னு நினைச்சிருக்கார். வந்தது கால் புண்ணுக்கு. சுகர் 412. ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வயசு 41.

எல்லாமே சுகர் இல்லை. எரிச்சல், காய்ச்சல் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். 50 தாண்டிய ஆண்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனால் ப்ராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளும் யூரினைக் கூட்டும், நீங்களா நிறுத்தாதீங்க.

அடிக்கடி போகுதேன்னு தண்ணி குடிக்கிறதையும் குறைக்காதீங்க. சுகர் அதிகமா இருக்கும்போது அது ஆபத்து.

வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை. 126ம் அதற்கு மேலும் வந்தால் டாக்டரைப் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். குடிக்கிறதைச் சொல்லக் கூச்சப்படாதீங்க, திட்ட மாட்டோம்.