மரத்துக்கும் வேர்க்கும்

'ரப்பர்' என்ற பெயரே ஒரு பொது அறிவுக் கேள்விதான். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இந்தப் பிசின் பென்சில் கோட்டை அழிப்பதைப் பற்றி எழுதினார். தேய்த்து அழிப்பதால் ஆங்கிலத்தில் ரப்பர். அழிப்பானின் பெயரையே மரத்துக்கும் வைத்துவிட்டார்கள். நம் தோட்டத்துச் சனம் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. வெட்டினால் பால் வருது, அதனால் பால்மரம். அவ்வளவுதான்.

இதன் சரித்திரத்தை எண்களாகச் சொல்லிவிடலாம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று எல்லாரையும் நச்சரித்தார். காப்பித் தோட்ட முதலாளிகள் அவருக்குக் கிறுக்கன் என்று பட்டம் கட்டினார்கள். பிறகு பிரேசில் காப்பி சந்தையில் கொட்டிக் குவிந்து விலை சரிந்தது. உடனே எல்லாரும் பிரேசில்காரனின் மரத்துக்குத் தாவினார்கள்.

ரிட்லியின் பெரிய காரியம் விதை கொடுத்தது அல்ல என்று நினைக்கிறேன். அவருக்கு முன்பே நம் காட்டில் இன்னொரு பால் எடுத்தார்கள். மலாயில் கெத்தா பெர்ச்சா. 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. அந்தப் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காலியானது. ரிட்லியோ மரத்தைச் சாகவிடாமல், அதே காயத்தை மெல்லிசாகச் சீவித் திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகு ஒரு தொழிலே கத்தி பிடித்த கையை நம்பி நின்றது. அந்தக் கைகளில் ஒன்று என் பாட்டியுடையது.

"ஏன் பாட்டி விடியறதுக்குள்ள வெட்டணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயில் ஏறிட்டா பால் நின்னுரும்டா. மரத்துக்கும் வேர்க்கும்ல."

பல்கலைக்கழகம் போன பிறகு சரிபார்த்தேன். வெயிலில் இலை வழியாக நீர் ஆவியாகிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. குறைந்தால் பால் ஓடாது. வேர்க்கும் என்பது சரியான விடை.

கோடு ஏன் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் இறங்குது? "அப்பிடி வெட்டினாத்தான் நெறைய கொட்டும்." பால் குழாய்கள் மரத்தில் நேராக ஏறுவதில்லை, லேசாகச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏன்? "மாட்டுக்கே மடி ஊறணும், மரத்துக்கு வேணாமா?" எடுத்த பால் பட்டைக்குள் திரும்பச் சுரக்க நேரம் வேண்டும். எவ்வளவு ஆழம்? "உள் சதையத் தொட்டா மரம் புண்ணாயிரும், கங்காணி ஏசுவான்." மரத்தை வளர்க்கும் திசு அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். அதுவும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில்.

தமிழ்ப்பள்ளிப் புதிர்ப்போட்டிகளில் விக்கம் வருவார், ரிட்லி வருவார், 22 வரும். இந்த ஒரு மில்லிமீட்டர் வந்து நான் பார்த்ததில்லை. எழுதி வைத்தது பொது அறிவாகிவிட்டது. கையில் இருந்தது வெறும் கூலி வேலையாகவே நின்றுவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, சனம் பட்டணத்துக்கு வந்த பிறகு அந்தக் கைகளுக்கும் வேலையில்லை.

பாட்டிக்கு இப்போது விரல்கள் சரியாக மடங்குவதில்லை. அவருடைய கத்தி என்னிடம் இருக்கிறது. பால் ஏன் ஓடுகிறது என்று என்னால் சமன்பாடு எழுதிக் காட்ட முடியும். கத்தி ஆழம் போய்விட்டதைக் கை எப்படி உணரும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். போன வாரத்திலிருந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.