ஓர்லியிலிருந்து ஒரு டாக்ஸி

1967 செப்டம்பரில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் வந்து இறங்கினார் சலிஃப் கெய்ட்டா. மாலி நாட்டின் தலைநகரான பமாகோவைச் சேர்ந்தவர், வயது இருபது. அழைத்துப்போக ஆள் வரவில்லை. வெளியே வந்தார், ஒரு டாக்ஸியைப் பிடித்தார், செயின்ட் எத்தியென் போக வேண்டும் என்றார். அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பாரிஸ் டாக்ஸிக்காரர் அதற்கு என்ன முகம் காட்டினாரோ தெரியாது, வண்டியை எடுத்துவிட்டார். போய்ச் சேர்ந்ததும் ஆயிரம் ஃப்ராங்க் வாக்கில் வந்த வாடகையை அந்த ஊரின் கால்பந்து கிளப் கொடுத்தது.

ஆப்பிரிக்க வீரர்கள் ஐரோப்பாவுக்கு ஆடப் போன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்டவுடன் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் அந்த இளைஞரின் துணிச்சல் புரியும். அவர் கிளம்பி வந்ததே ஊருக்குத் தெரியாமல்தான். மாலி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டு ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதிபர் மோதிபோ கெய்ட்டாவின் சோஷலிச அரசு, நாட்டின் முதல்தர ஆட்டக்காரரை வெளிநாட்டுக் கிளப்புக்குத் தாரைவார்க்க விரும்பவில்லை. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1966 ஆப்பிரிக்கக் கிளப் கோப்பைப் போட்டிகளில் ரியால் பமாகோ இறுதி ஆட்டம்வரை போனதற்கு முக்கியக் காரணம் இவர் போட்ட பதினான்கு கோல்கள். ஆனால் பமாகோவில் குடியிருந்த லெபனான்காரர் ஒருவர், செயின்ட் எத்தியென் ரசிகர், இந்தப் பையனைப் பாருங்கள் என்று கிளப்புக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வேலை செய்தது. கெய்ட்டா லைபீரியாவின் மன்ரோவியா வழியாக நழுவிப் பாரிஸ் சேர்ந்தார்.

செயின்ட் எத்தியென் அழகுக்குப் பேர்போன ஊர் அல்ல. நிலக்கரிச் சுரங்கம், சைக்கிள், துப்பாக்கி என்று உழைத்துப் பிழைத்த ஊர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. பச்சைச் சட்டை போட்ட பதினொரு பேர்தான் அங்கே ஆறுதல். பயிற்சியாளர் ஆல்பெர் பத்தேயின் கீழ் 1968, 1969, 1970 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம். 1969 இலையுதிர்காலத்தில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றிலேயே எதிரே வந்தது பாயர்ன் மியூனிக். கோல் கம்பத்தில் செப் மையர், தற்காப்பில் பெக்கன்பவர், முன்னே கெர்ட் முல்லர். மியூனிக்கில் 0-2 என்று தோற்றுத் திரும்பிய அணியை ஊரே கைகழுவியிருக்க வேண்டும். சொந்த மைதானத்தில் சக ஆட்டக்காரர் ரெவெல்லி இரண்டு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்தார். கடைசிக் கட்டத்தில் மூன்றாவதைப் போட்டு பாயர்னை வெளியே அனுப்பியவர் கெய்ட்டா. அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கருஞ்சிறுத்தை. கிளப்பின் சின்னத்திலும் அந்தச் சிறுத்தை ஏறியது. நிறத்தைச் சுட்டும் பட்டப்பெயர்தான் அது. பாசத்தில் வைத்தார்கள் என்று ஒரேயடியாகச் சமாதானம் சொல்லவும் முடியவில்லை, வெறுப்பில் வைத்தார்கள் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

1970இல் 'ஃப்ரான்ஸ் ஃபுட்பால்' இதழ் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரருக்கு முதன்முறையாக விருது கொடுத்தபோது, அதை வாங்கியவர் இவர். அடுத்த பருவத்தில் லீக்கில் 42 கோல்கள். எந்த ஆண்டிலும் முதலிடம் கிடைக்க வேண்டிய எண்ணிக்கை. ஆனால் அதே ஆண்டில்தான் மார்செய் அணியின் யூகோஸ்லாவியர் ஜோசிப் ஸ்கோப்லர் 44 கோல் போட்டார். இத்தனை இருந்தும் இன்று இணையத்தில் சலிஃப் கெய்ட்டா என்று தட்டினால் பாடகர்தான் முதலில் வருவார். அவரும் மாலிக்காரர், அதே பெயர், உலகப் புகழ். நானே அந்தப் பாடகரைத் தேடப்போய்த்தான் இந்த ஆட்டக்காரரிடம் வந்து சேர்ந்தேன்.

கிளப் தலைவரோடு ஒப்பந்தத் தகராறு முற்றி, 1972இல் கெய்ட்டா மார்செய் போனார். இரண்டு கோலில் தன்னை முந்திய ஸ்கோப்லருக்குப் பக்கத்திலேயே ஆட வேண்டும். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை கணக்கில் வந்தது. பிரெஞ்சு லீக்கில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான். மார்செயில் ஸ்கோப்லரும் ஸ்வீடனின் மாக்னுசனும் ஏற்கெனவே இருந்தார்கள். கெய்ட்டா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கிளப் நினைத்தது. அவர் பிறந்தபோது மாலி என்ற நாடே கிடையாது, பிரெஞ்சு சூடான் என்ற காலனிதான். காகிதத்தில் அவரைப் பிரெஞ்சுக்காரர் ஆக்குவது பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது.

அவர் மாட்டேன் என்றார். எந்த அரசு தன்னைப் போகவிடாமல் பிடித்துவைத்ததோ, எந்த நாட்டை விட்டு ஒளிந்து கிளம்பினாரோ, அந்த நாட்டின் குடியுரிமையை ஓர் ஒப்பந்தத்துக்காக விட அவருக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பிழைப்புக்காகக் குடியுரிமை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் அவருடைய கோல்களைவிட இந்த மறுப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விலை கொடுக்க வேண்டியிருந்தது, மார்செயை விட்டு வெளியேறினார். 1973இல் ஸ்பெயின் தன் லீக்கின் கதவை வெளிநாட்டவருக்கு மீண்டும் திறந்தது. பார்சிலோனா நட்சத்திர ஆட்டக்காரர் க்ரைஃபை வாங்கியது. வலென்சியா கெய்ட்டாவை வாங்கியது. ஜெர்மானியரைத் தேடிப் போன வலென்சியா ஒரு கறுப்பனோடு திரும்பியிருக்கிறது என்ற பொருளில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தார். பிறகு லிஸ்பனில் ஸ்போர்ட்டிங், கடைசியாக அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து அணி. 1980இல் பூட்ஸைக் கழற்றினார்.

ஓர்லிக்குத் திரும்புகிறேன். அவரை அழைத்துப்போக ஆள் வரவில்லை என்றாலும், சாலையின் அந்தக் கோடியில் காத்திருக்கும் ஒரு கிளப் இருந்தது. பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாரிஸ் வந்திறங்கிய எத்தனையோ சிறுவர்களுக்கு அதுவும் இல்லை. 'பையனுக்குக் கால் நல்லா இருக்கு, ஃப்ரான்ஸுல சோதனை ஆட்டம் ஏற்பாடு பண்றேன்' என்று தரகர் சொல்வார். குடும்பம் நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ பணம் கட்டும். அங்கே போனால் சோதனை ஆட்டமும் இருக்காது, தரகரும் இருக்க மாட்டார். விசா முடிந்து, ஊருக்குப் போக முகமின்றி, தெருவில் நிற்பான் பையன். கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-க்ளோத் எம்வூமின் 2000இல் 'ஃபுட் சொலிடேர்' என்ற அமைப்பைத் தொடங்கியது இவர்களுக்காகத்தான். பதினெட்டு வயதுக்குள் நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி. தரகருக்கு விதி ஒரு பொருட்டா?

கெய்ட்டாவின் பதில் வேறு வகையில் வந்தது. ஊர் திரும்பியவர் 1990களில் பமாகோவில் தன் பெயரிலேயே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். பையன் சொந்த ஊரில், சொந்தச் சோற்றைத் தின்று ஆட்டம் கற்பான். வெளியே போகிற நாளில் தேர்ந்த ஆட்டக்காரனாகப் போவான். அங்கே வளர்ந்த மஹமது தியாரா ரியால் மாட்ரிட்டின் நடுக்களத்துக்குப் போனார். சலிஃப் கெய்ட்டாவின் உறவினர் செய்தூ கெய்ட்டா பார்சிலோனாவுக்குப் போனார். ஸ்பெயினின் தீராப் பகையான இரண்டு அணிகளிலும் ஒரே காலத்தில் பமாகோவின் ஒரே மைதானத்துப் பிள்ளைகள்! வலென்சியாவில் அந்தத் தலைப்பை எழுதியவர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2005இலிருந்து 2009வரை மாலி கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று எழுபத்தாறு வயதில் காலமானார். உலகக் கோப்பையில் அவர் ஆடியதில்லை, ஏனென்றால் மாலி ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால் பணமும் வசதியும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பமாகோவில் அந்த மையம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.