அம்பாஸிடர் ஏன் அழுகிறது?

தி.நகரில் நடப்பவர்கள் மூன்று கட்சி. ஜவுளிக் கடை போர்டைப் பார்த்து அண்ணாந்து நடப்பவர்கள். எதிரே வருகிறவர்களைப் பார்த்து நேராக நடப்பவர்கள் (வாலிபர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சி). பர்ஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பவர்கள். இந்த மூன்றாம் கட்சிக்கு மட்டும்தான் ரோட்டில் கிடக்கும் வானவில் தெரியும்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் பனகல் பார்க் பக்கம் குனிந்து பாருங்கள். தேங்கின தண்ணீர் மேலே நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மினுமினுக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால், அது எந்த வண்டியோ சொட்டிவிட்டுப் போன டீசலாக இருக்கலாம். பெட்ரோல் சிந்தினால் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும். டீசல், லீவுக்கு வந்த விருந்தாளி மாதிரி. லேசில் கிளம்பாது. அதன் மேல் நாலு தூறல் விழுந்து, துரைசாமி சப்வே சரிவில் நீங்கள் பைக்கில் பிரேக் போட்டால்... ஆபீஸுக்கு லீவ் லெட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து போகும்!

தண்ணீர் இங்கே தேங்குவதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். தியாகராய செட்டியார் பெயரில் நகர், பனகல் ராஜா பெயரில் பார்க். ஏரி போய்விட்டது, பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கைக் காணோம், வியூ மட்டும் பாக்கி! நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் அப்படியே. தண்ணீர் மட்டும் பழைய விலாசத்தை மறக்காமல் வந்து நிற்கிறது. நிற்கிற இடம் வேறு, வந்த வழி வேறு.

இதே தத்துவத்தை பஸுல்லா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், வேப்ப மரத்தடியில், ஒரு மெக்கானிக் பெரியவர் ஸ்பானரோடு விளக்கினார். அவர் முன்னால் பானெட்டைத் திறந்து வாயைப் பிளந்தபடி ஒரு வெள்ளை அம்பாஸிடர். 1489 சி.சி. டீசல் இன்ஜின். கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு தயாரிப்பே நின்றுபோன வண்டி. கல்யாணத்துக்கு ஊர்வலம் விட இன்னும் இதுதான் ராசி என்கிறவர்கள் இருப்பதால், டிரைவர் தம்பிக்குப் பிழைப்பு ஓடுகிறது. அன்றைக்கு டீசலும் ஓடியது. இன்ஜின் ஓடும்போது விநாடிக்கு ஒரு சொட்டு.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். இருபது சொட்டு சுமார் ஒரு மில்லி. நிமிஷத்துக்கு மூன்று மில்லி. மணிக்கு 180 மில்லி. அதாவது, சரியாக ஒரு குவார்ட்டர்! எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். இவ்வளவு 'தண்ணி' போட்டுவிட்டு ரோட்டில் திரிகிற வண்டியை டிராஃபிக் போலீஸ் ஊதச் சொல்வதில்லை.

"பம்ப்பு போச்சு, இறக்கணும்னு ஒருத்தர் சொல்லிட்டார்ணே. பெரிய செலவாம். முகூர்த்தம் நாலு இருக்கு" என்றார் டிரைவர், அழாத குறையாக. சொட்டு விழுந்தது என்னவோ இன்ஜெக்ஷன் பம்ப்பின் அடியிலிருந்துதான்.

"சொட்ற எடத்த பாக்காத தம்பி, நனையற எடத்த பாரு" என்றார் பெரியவர்.

டிரயல் பாலன்ஸ் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். வித்தியாசம் அடியில் டோட்டலில் தெரியும். தப்பு மேலே எங்கோ ஏழாவது வரியில் இருக்கும்!

முதலில் பிரஷ் போட்டு இன்ஜினைக் கழுவித் துடைத்தார். காய்ந்ததும், "சார், பவுடர்" என்றார். முகத்துக்குப் போடுகிற சாதாரண டால்கம் பவுடர். டீசல் போகும் பாதை முழுக்கத் தூவினார். கரிபிடித்த இன்ஜின் மேக்கப் போட்ட நாடக நடிகர் மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டு, தள்ளி நின்று டார்ச் அடித்தார்.

இரண்டு நிமிஷத்தில் வெள்ளையில் ஒரு ஈரக்கோடு. பம்ப்பில் அல்ல. மேலே, மூன்றாவது நாஸிலின் தலையில். டீசலில் நாஸில் பீய்ச்சியது போக மிச்சம் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாகத் திரும்பிப் போகும். அதுதான் ரிட்டர்ன் லைன். அங்கே நடுவில் துளையுள்ள ஒரு போல்ட், அதற்கு மேலும் கீழுமாக இரண்டு காப்பர் வாஷர். அந்த வாஷர் வழியாகக் கசிந்து, இன்ஜின் பக்கவாட்டில் வழிந்து, பம்ப்பின் அடியில் போய்ச் சொட்டியிருக்கிறது. குற்றவாளி மாடியில், எஃப்.ஐ.ஆர். கீழ் வீட்டுக்காரர் மேல்!

நான் விரலை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார். "ரிட்டர்ன்ல பயமில்ல சார். ஆனா, பம்ப்புலேர்ந்து நாஸிலுக்குப் போற இரும்புப் பைப்புல கை வெச்சீங்க... அவ்ளோதான்." அது மிகையில்லை. கார் டயரில் இருப்பதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் அந்தப் பைப்பில். ஊசிமுனை ஓட்டை போதும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். அங்கே சந்தேகம் வந்தால் அட்டையை நீட்டிப் பார்ப்பதுதான் முறை, விரலை அல்ல. அந்தப் பைப் பீய்ச்சி சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீ பிடிக்கும் ஆபத்து வேறு.

வாஷர் வாங்க ஜி.பி. ரோடு பயணம். டிரைவரும் நானும் ஆட்டோவில் அண்ணா சாலையைப் பிடித்து, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, ஸ்பென்ஸர் தாண்டிப் போனோம். தி.நகரில் தங்கத்தைக் காட்டுவது போல அங்கே கண்ணாடி மேஜையில் பிஸ்டனைக் காட்டுகிறார்கள். சேதாரம், செய்கூலி மட்டும் இல்லை. பழைய வாஷரைக் காட்டி, அதே அளவில் புதுசாக எட்டு வாங்கினோம். ஆட்டோ சார்ஜ்தான் அதிகம்!

கூடவே ரப்பர் ஹோஸும் வாங்கிவரச் சொல்லியிருந்தார் பெரியவர். ஏன்? இங்கே உலக விவகாரம் ஒன்று இருக்கிறது. 1993 அக்டோபரில் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தது. காற்றுக்கு நல்லது. ஆனால், பழைய வண்டிகள் பலவற்றில் பம்ப்பின் ரப்பர் வளையங்கள் சுருங்கி ஒழுக ஆரம்பித்தன. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், ரப்பரை உப்ப வைத்திருந்த வேறு சில பொருள்களும் குறைந்துபோவதுதான் காரணம். நம் ஊரிலும், 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகமுள்ள டீசல் வந்தது. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க 10 பங்கு. டீசல் மாறிவிட்டது, பழைய ரப்பர் மாறவில்லை. அதனால், பழைய வண்டியில் ரப்பர் மாற்றும்போது இப்போதைய டீசலைத் தாங்கும் 'வைட்டான்' வகை கேட்டு வாங்குவது நல்லது.

திரும்பி வந்து மாட்ட அரை மணி நேரம். இரண்டு முகத்தையும் துடைத்து, புது வாஷர் வைத்து, அளவோடு முறுக்கினார். "இறுக்க இறுக்க கசிவு நிக்கும்னு நெனைப்பாங்க. உள்ள ஓட்ட போல்ட்டு சார், ஒடிஞ்சிடும்." கடைசியாக லிஃப்ட் பம்ப் நெம்புகோலைக் கையால் அடித்து ஏர் எடுத்தார். டேங்க்குக்கும் லிஃப்ட் பம்ப்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகுமாம். காலையில் ஸ்டார்ட் ஆகி, உடனே நின்றுபோகிற வண்டிக்கு அந்த வியாதியாக இருக்கலாம்.

பம்ப் இறங்கவில்லை. டிரைவரின் நாலு முகூர்த்தமும் தப்பியது. சிந்தின டீசல் மேல் பெரியவர் மணலைக் கொட்டி, வாரி எடுத்தார். "பின்னாடி ஸ்கூட்டர்ல புள்ளைங்க வரும்ல?" என்றார். பில்லில் அதற்குத் தனி அயிட்டம் இல்லை.

உங்கள் வண்டி பழைய டீசலா? பானெட்டைத் திறக்கும் முன் ஒரு சுலபப் பரீட்சை. ராத்திரி இன்ஜினுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்துவையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். பேப்பரில் செய்தி மட்டும் இருந்தால் நிம்மதி. கறையும் இருந்தால் பவுடர் டப்பாவை எடுங்கள்... வீட்டில் கேட்டுவிட்டு!