தண்ணீரில் கண்டம்

"இந்த விடுமுறைக்குப் போர்ட் டிக்சனா, பங்கோரா?" என்று காலை நிகழ்ச்சியில் நேயர்களைக் கேட்பது என் வேலை. கேட்கிற எனக்கு நீச்சல் தெரியாது. 34 வயதாகிறது. கடல் நீர் என் கணுக்காலுக்கு மேல் ஏறியதில்லை.

காரணம் ஜாதகம். நான் பிறந்த கையோடு எழுதிய ஜாதகத்தில் 'தண்ணீரில் கண்டம்' என்று இருப்பதாக அம்மா சொல்வார். பள்ளிச் சுற்றுலா நீர்வீழ்ச்சிக்கு என்றால் அன்று எனக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். ஆசிரியைக்குக் கடிதத்தை அம்மாவே எழுதிக் கொடுத்துவிடுவார். திருமணமான பிறகு கணவருடன் லங்காவிக்குப் போனபோதுகூட நாளைக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "தண்ணிக்குப் பக்கத்துல நிக்கிறியா?" என்று விசாரித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, என் மகளுக்கு ஏழு வயதாகும் வரை. எங்கள் கொண்டோவில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தொடங்கினார்கள். மகள் பாரத்தை வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். அம்மா அதைப் படித்தார். "அவளுக்கும் உன் நட்சத்திரம்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார். பாரம் அங்கேயே கிடந்தது. நான் கையெழுத்தும் போடவில்லை, கிழித்தும் போடவில்லை.

அப்படி இருந்தபோதுதான் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குக் குவாந்தானுக்குப் போனோம். அங்கே பெரியப்பா மகன் இருக்கிறார். அண்ணனுக்கு விண்ட்சர்ஃபிங் பைத்தியம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் மார்ச் வரை, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பாலோக் கடற்கரையில்தான் இருப்பார். அன்று அலை மோசமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, பிக்கப் வண்டியிலிருந்து ஒன்றை இறக்கினார். நீளமான பலகை. அடியில் நான்கு காற்றடைத்த டயர்கள், தோட்டத்துத் தள்ளுவண்டிச் சக்கரத்தைவிடச் சிறியவை. நடுவில், எந்தப் பக்கமும் மடங்கும் ரப்பர் மூட்டில் ஒரு கம்பு. அதில் அவர் கடலில் பயன்படுத்தும் அதே பாய்.

"தண்ணி வேணாம்னா விடு. மணல்ல ஓட்டலாம் வா," என்றார்.

சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தரையில ஓடுறதப் பத்தி ஜாதகம் எதுவும் சொல்லல," என்று அனுமதி கொடுத்தார்.

நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, ஈரம் காய்ந்தும் காயாமலும் கெட்டியாக இருக்கிற மணலில்தான் இதை ஓட்ட வேண்டும். மேலே தளர்ந்த மணலில் சக்கரம் புதைந்துவிடும். டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். ஆள் நடமாட்டமுள்ள பக்கம் போகவே கூடாது. ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசம் எல்லாம் மாட்டி, பாயின் குறுக்குப் பிடியை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் ஒரே ஒரு பாடம் நடத்தினார்.

"பின்கைதான் ஆக்சிலேட்டர். இழுத்தா போகும். விட்டா நிக்கும். வேற பிரேக் கிடையாது பாப்பா."

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! காற்று பாயில் விழுந்து பலகை நகர ஆரம்பித்ததும் பயத்தில் கை தானாக இறுகுகிறது. இறுகினால் பாய் இன்னும் காற்றைப் பிடிக்கிறது, வேகம் கூடுகிறது, பயமும் கூடுகிறது. முதல் நாள் முழுக்க, "கைய விடு, கைய விடு!" என்று அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார். விட்டுவிட்டால் உண்மையாகவே நின்றுவிடுகிறது. பாய் கொடி மாதிரி படபடக்கிறது, பலகை மெல்ல ஓய்கிறது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு முறை ஆன பிறகுதான் என் கை அதை நம்பியது.

அங்கே காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, கரை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதனால் தெற்கே போவது சுகமோ சுகம். ஒரு ஓசையும் இல்லாமல், டயர் மணலில் உரசும் சத்தம் மட்டும் கேட்க, வழுக்கிக்கொண்டு போகலாம். நாள் முழுவதும் பேசியே பிழைக்கும் எனக்கு அந்த அமைதி எவ்வளவு பெரிய விருந்து என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் திரும்பி வருவதுதான் பாடு. காற்றுக்கு நேர் எதிராகப் பாய் வேலை செய்யாது. சாய்ந்து சாய்ந்து ஏற வேண்டும், அது எனக்கு வரவில்லை. பலகையைத் தலையில் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு நடந்தே வந்தேன். மகள் பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், உதவி செய்கிறாளாம்.

கோலாலம்பூர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம்மாட்கள் கேள்விப்படாத விளையாட்டென்றாலும் இதற்கு வயது 40க்கு மேல். பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் அர்னோ த ரோஸ்னே என்பவர் சக்கரம் வைத்த பாய்ப்பலகையைச் செய்து, 1979இல் மொரிட்டானியாவிலிருந்து செனகலின் டாக்கார் வரை, பாலைவனக் கரையோரமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதில் போயிருக்கிறார். தண்ணீரில் பலகை உராய்வதைவிட மணலில் சக்கரம் உராய்வது குறைவு. அதனால் கடலில் அசையவே அசையாத காற்றில்கூடத் தரையில் ஓடும். நின்று ஓட்டும் பலகை இல்லாமல் உட்கார்ந்து ஓட்டும் பெரிய பாய்வண்டிகளும் உண்டு. 2022இல் ஆஸ்திரேலியாவின் கெய்ட்னர் உப்பு ஏரியில் அப்படி ஒரு வண்டி, இயந்திரமே இல்லாமல் மணிக்கு 222.4 கிலோமீட்டர் போய்ச் சாதனை படைத்தது. அன்று வீசிய காற்றைவிட அது பல மடங்கு வேகம். அதெப்படி என்று அண்ணன் இரண்டு முறை விளக்கினார். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

ரோஸ்னே கதையை நிகழ்ச்சியில் சொன்னேன். 1984 நவம்பரில் அவர் சீனக் கரையிலிருந்து தைவான் நீரிணையைக் கடக்கப் பாய்ப்பலகையில் தனியாகப் புறப்பட்டார், திரும்பி வரவே இல்லை என்று முடித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் கைப்பேசி அடித்தது.

"பாத்தியா? தரையில இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்தான்!"

அம்மாவுக்கு நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை தப்பாது.

மார்ச்சில், காற்று ஓய்வதற்குள் இன்னொரு முறை போனோம். கொஞ்சம் ஓட்டப் பழகிவிட்ட திமிர் எனக்கு. படம் எடுக்கும்போது அசிங்கமாகத் தெரிகிறது என்று மணிக்கட்டுக் கவசத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். இரண்டாவது ஓட்டத்தில், சிற்றோடை ஒன்று கடலில் சேரும் இடத்தில் முன்சக்கரம் சேற்றில் இறங்கியது. பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. அந்த ஒரு நொடியில் கையை விட்டிருந்தால் வெறுமனே உருண்டிருப்பேன். நானோ பிடியை இறுக்கிப் பிடித்தபடி பாயோடு சேர்ந்து முன்னால் போய், கடைசியில் வலக்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு, ஆறு வாரம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கவசம் போட்டிருந்தீர்களா?"

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காராக் நெடுஞ்சாலையில் மழை பெய்துகொண்டிருந்தது. கணவர் காரோட்ட, பின்னால் அம்மாவின் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஜாதகத்துல கண்டம்னு எதுவும் இல்லடி."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

அம்மாவுக்கு அடுத்ததாக ஒரு தம்பி இருந்திருக்கிறார். எனக்கு ஒரு தாய்மாமன். இத்தனை வருடத்தில் வீட்டில் அவர் பேச்சு எடுத்து நான் கேட்டதில்லை, படமும் கிடையாது. கம்பார் பக்கம் அவர்கள் இருந்த தோட்டத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்று. விளிம்பு ஆழமில்லாதது போலத் தெரியும், இரண்டடி தள்ளினால் பாதாளம். மழை விட்ட ஒரு மாலையில் பையன்கள் குளிக்கப் போயிருக்கிறார்கள். தம்பிக்கு வயது 11.

"நான்தான் துணிக்குக் காவலா கரையில நின்னேன். எனக்கும் நீச்சல் தெரியாது," என்றார். பிறகு, "சட்டைய மடிச்சு வச்சிருந்தான்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கணவர் வைப்பரின் வேகத்தைக் குறைத்தார். பெந்தோங் தாண்டும் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது, அம்மா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாரத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். வலக்கை கட்டில் இருந்ததால் இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். அது கோழி கிளறிய மாதிரி இருந்தது. நான்தான் தாயா என்று பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. அம்மா துண்டோடு குளத்தின் ஓரத்தில் நிற்கிறார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன் என்கிறார். மகள் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடும் பயிற்சி செய்யும்போது, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணுகிறார். முதல் வாரம் நான்கைத் தாண்டும்போது அவர் குரல் நடுங்கியது. போன வாரம் பன்னிரண்டு வரை போனார்.

நான் மணலோடும் உப்போடும் போட்டுவிட்டு வந்த சக்கரங்களின் பேரிங் துருப்பிடித்துவிட்டதாம். நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். புதியது வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார். இனிக் காற்று நவம்பரில்தான். இதற்கிடையில், பெரியவர்களுக்கும் நீச்சல் வகுப்பு உண்டா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று பயிற்றுநரிடம் அம்மா விசாரித்து வைத்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.