கொல்லை முருங்கை

முதுகுளத்தூரிலிருந்து தபால் பை வந்து சேரப் பகல் பதினொன்றரை ஆகிவிடும். கண்மாய்க்கரை திருப்பத்தில் சைக்கிள் சத்தம் கேட்டதுமே தாத்தா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் என்பது அவர் வீட்டுத் திண்ணைதான். ஒரு மேசை, ஒரு மரப்பெட்டி, சுவரில் சிவப்புத் தபால் பெட்டி, தேதி முத்திரை, ஸ்டாம்ப் பேடு, அரக்குக் குச்சி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் வாத்தியாரய்யாதான். அஞ்சலக வேலை நாளைக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் ஊராருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவதும் எழுதிக் கொடுப்பதும். அதற்குச் சம்பளம் கிடையாது.

1984 கோடை விடுமுறை. எனக்குப் பதினொரு வயது. தேதி முத்திரையில் அன்றன்றைய எண்களை மாற்றிப் பொருத்துவது என் வேலை. அந்த வேலையோடு ஒரு கட்டளையும் கொடுத்திருந்தார்: “இந்தத் திண்ணையில காதுல விழுறது எதுவும் படி இறங்கக் கூடாது.” நாற்பது வருடம் அதைக் காப்பாற்றினேன். இப்போது எழுதுவதும் அந்த வீட்டாரிடம் கேட்டுத்தான். “எழுதுங்க, பேரை மட்டும் போட வேணாம்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வருடம் சித்திரை பிறந்த மறுவாரம் எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் சவூதிக்குப் போனார். கடல் தாண்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தாத்தாவின் அப்பா காலத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார் என்று இலங்கை அப்போது பக்கத்து ஊர் மாதிரி. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போனதோடு அந்த வழியும் போயிற்று. விமானம் ஏறிப் போனவர் எங்கள் ஊரில் இவர்தான் முதல். ஜுபைல் என்ற இடத்தில் கடற்கரை மணலில் ஒரு நகரத்தையே புதிதாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் ஆலைகள், இரும்பாலை, துறைமுகம், வேலையாட்களுக்கு வீடுகள். கரண்டி பிடித்த கைகளுக்கு அங்கே தேவை இருந்தது. ஒரு ரியாலுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்த காலம். எங்கள் கண்மாயோ கரை தொட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

அவர் வீட்டு அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பையன். ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்காகக் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிருந்தது. மஞ்சள் கயிறு மட்டும் மிச்சம். கொத்தனார் பம்பாய்க்கு ரயில் ஏறியதோடு சரி, நாற்பது நாள் ஒரு சேதியும் இல்லை. அக்கா தினமும் பதினொன்றரைக்கு வருவார். திண்ணை ஏற மாட்டார். எதிரே வேப்ப மரத்தடியில் நிற்பார். தாத்தா அரக்கை உடைத்து, பையைக் கவிழ்த்து, கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் தலையை மட்டும் இடவலமாக அசைப்பார். அக்கா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போவார். வந்திருக்கிறதா என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. இல்லை என்று தாத்தாவும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் வந்தது. ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பட்டை அடித்த உறை. தபால்தலையில் கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடை. தாத்தா அன்று தலையை அசைக்கவில்லை.

“ஏறி வா தாயி.”

அக்கா ஏறிவந்து தூணைப் பிடித்துக்கொண்டார். தாத்தா உறையை அவர் கையில்தான் முதலில் கொடுத்தார். அக்கா அதைப் புரட்டிப் பார்க்கவில்லை, மோந்து பார்த்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

“நீங்களே வாசிங்கய்யா.”

தாத்தா உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, உள்ளே தாள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்து, மறுபக்கத்தைப் பாதி பிளேடால் கீறினார். கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கமும் எழுத்து.

கொத்தனாருக்கும் எழுதத் தெரியாது, கையெழுத்து மட்டும்தான். அவர் சொல்லச் சொல்ல, அதே அறையில் இருந்த ஒரு பையன் எழுதியிருந்தான். ஆக, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள நடுவில் இரண்டு வேற்று ஆட்கள். அங்கே எழுதுகிறவர் ஒருவர், இங்கே வாசிக்கிறவர் ஒருவர். மனசில் இருப்பதை அப்படியே சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது. வெளிநாட்டுக் கடிதம் என்றால் படித்தவர்கள் எழுதிப் புத்தகமாக வந்ததைத்தான் நாம் பேசுகிறோம். பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளை ஏ.கே. செட்டியார் தேடித் தேடித் தொகுத்தார். எவ்வளவு பெரிய காரியம் அது! எழுதத் தெரியாதவர்கள் சொல்லி எழுதின கடிதங்களுக்கும் அப்படி ஒருவர் வர வேண்டும் என்று நான் உள்ளபடியே ஆசைப்படுகிறேன். அவையும் பயண இலக்கியம்தான்.

தாத்தா பாடம் நடத்துகிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிள்ளையார் சுழி, நலம், நலமறிய ஆவல். பிறகு விமானம்.

“உள்ள போனா பஸ்ஸு மாதிரித்தான் இருக்கு. இடுப்புல வார் கட்டச் சொன்னாங்க. கட்டிட்டேன், கழட்டத் தெரியல. இறங்குற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. சோறு தட்டுல வந்துச்சு. கூட ஒரு பொட்டலம். அதுக்குள்ள ஈரத்துணி, எலுமிச்சை வாசம். கை துடைக்கிறதாம். பிள்ளைக்கு ஆகும்னு பையில வச்சேன். இங்க வந்து பிரிச்சா காஞ்சு போச்சு.”

அக்கா சிரித்தார். நாற்பத்திரண்டு நாளில் அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

கடிதம் ஜுபைலுக்குள் போயிற்று. அறைக்கு எட்டுப் பேர். கட்டில்மேல் கட்டில், இவருக்கு மேல் கட்டில். பகலில் குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் வருகிறது, அதனால் ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைத்துக் காலையில் குளிக்கிறார்கள். பெட்ரோலைவிடக் குடிதண்ணீர் விலை அதிகம். குபூஸ் என்று ஒரு ரொட்டி. முதல் நாள் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. அரபி வருவதற்கு முன்னால் இந்தி வந்துவிடும்போல் இருக்கிறது, சுற்றிலும் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், எல்லாருக்கும் அப்படித்தானாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குத்தான் துணி துவைப்பதும் கடிதம் எழுதுவதும்.

“இங்க ஆறு மணின்னா நம்மூர்ல எட்டரை. நான் ராத்திரிச் சோத்துல கை வைக்கிறப்ப நீ விளக்க அணைச்சிருப்ப.”

இந்த இடத்தில் தாத்தா நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லை” என்று ஒரு வரி முதல் பக்கத்தில் வந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதே வரி மறுபடியும் வந்தது. அக்கா குறுக்கிட்டார்.

“கையப் பத்தி என்னமும் சொல்லிருக்காகளா?”

தாத்தா முன்னும் பின்னும் தேடினார். “இல்ல தாயி.”

“அப்பக் கையிலதான் என்னமோ. சிமிட்டி தின்னு வெரலிடுக்கெல்லாம் வெடிச்சுப்போகும் அவுகளுக்கு. தினம் படுக்கையில நான்தான் தேங்காண்ண தேய்ச்சு விடுவேன்.”

இரண்டு பக்கக் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை எடுத்துப் படித்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்பு தாண்டாதவர்.

கடைசியில் இரண்டு கேள்விகள் இருந்தன. பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டும், கால் அளவு எழுதவும். அப்புறம்:

“கொல்லையில முருங்கை பூத்திருக்கா? மறக்காம எழுதச் சொல்லு.”

அக்கா குனிந்துகொண்டார். கட்டைவிரல் நகம் தூணில் சுண்ணாம்பைச் சுரண்டியது. எனக்கு வாய் நமநமத்தது. அந்தக் கொல்லையில் நான் கோலி ஆடியிருக்கிறேன். ஒரு கோழிக்கூடும் துவைகல்லும்தான் உண்டு. முருங்கை மரமே கிடையாது. சொல்ல வாயைத் திறந்தேன். தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

“பூத்திருக்குன்னு எழுதிருங்கய்யா” என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடியே.

தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே பார்த்து, “மோர் கொண்டா” என்றார். பாட்டி செம்போடு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அது என்ன சேதி என்று எனக்கு விளங்க வருடங்கள் ஆயின. எனக்குக் கல்யாணமான பிறகு பாட்டி சொல்லித்தான் தெரியும். கொத்தனார் புறப்படும் முன்பே அக்காவும் அவரும் பேசிவைத்துக்கொண்ட மரம் அது.

பதில் அன்றைக்கே எழுதப்பட்டது. மரப்பெட்டியிலிருந்து நீல ஏர் லெட்டர் ஒன்றை எடுத்துப் பிரித்தார் தாத்தா. அதற்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது விதி. கால் அளவுக்கு நூல் வைக்க முடியாது. அதனால் பாட்டி பையனின் வலது காலைக் கழுவித் துடைத்துவிட, தாளைத் திண்ணையில் விரித்து அதன்மேல் காலை வைத்தார்கள். தாத்தா பேனாவால் சுற்றிலும் கோடு இழுத்தார். குதிகாலில் தொடங்கி உட்பக்கமாக வந்து பெருவிரலைச் சுற்றும் வரை பையன் பொறுத்தான். சுண்டுவிரல் பக்கம் வந்ததும் கூச்சம் தாங்காமல் காலை இழுத்துவிட்டான். கோடு அங்கே தெறித்து, ஆறாவது விரல் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. மறுபடி வரைய வேறு இடமில்லை. பாதம் தாளின் மடிப்பைத் தாண்டிப் போயிருந்தது. அதைச் சுற்றிக் கிடைத்த இடத்தில்தான் பதில்.

ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இந்த மாத வட்டி கட்டியாயிற்று. ராத்திரி மறக்காமல் கைக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளவும். முருங்கை பூத்திருக்கிறது.

அக்கா மடியிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். தாத்தா கையை அசைத்து, முடியாது என்றார். அக்கா கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து, வரைந்த பாதத்தின் நடுவில் வைத்துத் தாளோடு தாளாகத் தேய்த்துவிட்டு, மிச்சத்தை ஊதித் தட்டினார். விதிப்படி உள்ளே ஒன்றும் இல்லை. தாத்தா மடித்து ஒட்டினார்.

முகவரியில் தெருவோ வீட்டு எண்ணோ இல்லை. கம்பெனியின் தபால் பெட்டி எண், ஊர், நாடு, அவ்வளவுதான். தாத்தா எழுதியதை வாசித்துக் காட்டினார். அக்காவுக்குத் திருப்தி இல்லை.

“பெட்டிக்குப் போயிரும் சரி. ஆளுகிட்டப் போய்ச் சேருமாய்யா?”

“சேரும் தாயி.”

நான் தேதி முத்திரையை எடுத்துத் தபால்தலையின்மேல் குத்தினேன். சரியாகப் பதியவில்லையோ என்று பயந்து இரண்டாம் முறையும் குத்தினேன். தாத்தா அதற்காகத் திட்டவில்லை.

அதன் பிறகு இருபது, இருபத்தைந்து நாளைக்கு ஒரு கடிதம் என்று போயும் வந்தும் கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்து நான் பரமக்குடிக்குத் திரும்பிவிட்டேன். விடுமுறைக்கு வரும்போது மட்டும் கேட்டேன். தை மாதம் பெண் பிறந்தது; அந்தச் சேதிக்கு மரத்தின் மறைப்பு வேண்டியிருக்கவில்லை, தந்தியே கொடுத்தார்கள். அடுத்த வருடம் பக்கத்து ஊருக்கு விடுப்பில் வந்த ஒருவர் கையில் கொத்தனார் ஒரு கேசட்டில் பேசி அனுப்பினார். அக்கா அதைப் போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இருக்கிற வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டாராம். அந்தச் சேதியைக் கேட்டு மனம் நிறையச் சந்தோஷப்பட்டவர் தாத்தாதான்.

கொத்தனார் 1986 ஆவணியில் வந்தார். ஒரு பெட்டி நிறையக் கம்பளி, சோப்பு, கோடாலித் தைலம், ஒரு டூ-இன்-ஒன். பெண் குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே பாட்டியின் முந்தானைக்குள் போய்விட்டது. அவர் கைவிரல்களில் வெடிப்பெல்லாம் கறுத்துக் காய்த்திருந்தது. அக்கா அதைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தார்.

பெட்டியின் அடியில் ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு இருந்தது. வலது செருப்புக்குள் நீலத்தாள் ஒன்று, பாதத்தின் கோட்டோடு ஒட்டிக் கத்தரிக்கப்பட்டு, உள்ளங்காலுக்குச் சரியாகப் பொருந்தி இருந்தது. ஆறாவது விரலையும் விடாமல் கத்தரித்திருந்தார். பையனுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. விரல்கள் மட்டும் உள்ளே போயின, குதிகால் வெளியே நின்றது. கொத்தனார் தாளை எடுத்துப் பையனின் காலோடு வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார். அக்கா செருப்பை வாங்கித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

1988இல் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போனவள் அந்த வீட்டுப் பெண்.