அருவி பார்க்கப் போகும் பெண்கள்

எங்கள் பிரதேசத்துப் பெண்களிடம், "நீங்கள் எங்கெல்லாம் பயணம் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அகதி முகாம், பெரியாஸ்பத்திரி, பிள்ளையைத் தேடிப் போன தடுப்பு முகாம் என்றுதான் பதில் வரும். பார்த்து மகிழ்வதற்கென்று போன இடம் எதுவென்று கேட்டால் மௌனமே மிஞ்சும். ஓய்வு நேரம் யாருக்கு உரியது என்ற கேள்வியைச் சமூகவியல் வகுப்பில் நான் பாடமாகப் படித்திருக்கிறேன். திருக்கோவில் பகுதியில் பெண்கள் சேமிப்புக் குழுவொன்றுடன் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

குழுவில் 18 பேர். பெரும்பாலானோர் கணவனை இழந்தவர்கள், அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஒருநாள் கூட்டம் முடியும் நேரத்தில், "கடல் பார்த்துப் பார்த்துக் களைச்சுப் போச்சு மிஸ். மலையில இருந்து விழுற தண்ணிய ஒருக்காப் பார்க்கணும்" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அதே கதை வந்தது. வாரம் 200 ரூபா வீதம் அதற்கென்று தனிச் சீட்டொன்றைத் தொடங்கினோம்.

எங்கே போவது? எங்கள் ஊர்ப்பக்கத்து ஏ4 வீதிதான் பொத்துவில், மொனராகலை, வெல்லவாய ஊடாக மலையேறிக் கொழும்பு வரை போகிறது. இலங்கையின் மிக உயரமான இரண்டு நீர்வீழ்ச்சிகளும் இந்த வீதியை அண்டியே இருக்கின்றன. வெல்லவாயவுக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் தியலும. உயரம் 220 மீற்றர். ஹல்துமுல்லைக்கு அப்பால், கலுபஹனையில் பிரியும் ஒடுங்கிய பாதையில் சுமார் 5 கிலோமீற்றர் உள்ளே பம்பரகந்த. உயரம் 263 மீற்றர். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்று முடிவாயிற்று.

எங்களில் ஒருவருக்கு இடது கால் செயற்கைக் கால். "நான் பஸ்ஸுக்குள்ள இருக்கிறன், நீங்க போயிற்று வாங்க" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒருவரை வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவதானால் இந்தப் பயணம் தேவையில்லை என்று மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். தியலும வீதியில் நின்றபடியே தெரியும். பம்பரகந்தவுக்குக் கலுபஹனையிலிருந்து முச்சக்கர வண்டி போகும். அதன் பின்னர் உள்ள சிறு நடையை ஆறுதலாக, இருவர் துணையுடன் நடக்கலாம். அவரை முன்னிறுத்தித்தான் முழுத் திட்டத்தையும் வகுத்தோம்.

அடுத்து, நாள் பார்க்க வேண்டும். தை, மாசியில் பெரும்போக அறுவடை. கூலிவேலையை விட முடியாது. சித்திரையில் வருடப்பிறப்புச் செலவு. ஆகவே பங்குனி நடுப்பகுதியைத் தெரிவுசெய்தோம். அந்தக் காலத்தில் மலைப்பக்கம் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வதுண்டு. அதனால் காலையில் ஏறி, மதியம் திரும்பியவுடன் இறங்கிவிட வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது ஊர்வாய். "தாலியில்லாததுகளுக்கு என்ன உல்லாசப் பயணம்?" என்று ஒரு மாமியார் கேட்டார். அந்த வீட்டு மருமகள் பதிலுக்குச் சண்டை பிடிக்கவில்லை. "நீங்களும் வாங்க மாமி, உங்களுக்கும் நானே சீட்டுக் கட்டுறன்" என்றாள். மாமியார் வந்தார். அவரைப் பார்த்து இன்னொரு மாமியாரும் வந்தார். பிறகு ஊரில் பேச்சு அடங்கிவிட்டது.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அடையாள அட்டை கொண்டுவரும்படி நான் எவருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரிடமும் அது இருந்தது. லகுகலையில் யானைகள் வீதியைக் கடக்கும் என்பதால் சாரதி மெதுவாகவே ஓட்டினார். விடிந்த பின்னர் தியலுமவில் இறங்கி, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். கொஸ்லந்தையைக் கடக்கும்போது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதையுண்டதைச் சொன்னேன். பஸ்ஸுக்குள் பாட்டு தானாகவே நின்றது. எங்கள் பெண்கள் அந்தத் துக்கத்தை விளக்கம் கேட்காமலே அறிவார்கள்.

கலுபஹனையிலிருந்து நடந்தோம். பைன் மரங்களுக்குள் பாதை நுழைந்ததும் பின்னால் பேச்சுச் சத்தம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவரின் காலடியிலேயே கால்வைத்து வந்துகொண்டிருந்தார்கள். "இங்க மிதிவெடி இல்லத்தானே மிஸ்?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். இந்த மலைகளில் எவரும் மிதிவெடி புதைக்கவில்லை என்றேன். சற்றுத் தூரம் போனபின் அவள் பாதையை விட்டிறங்கி, விழுந்து கிடந்த பைன் காயொன்றை மகளுக்கென்று எடுத்து வந்தாள். அதன் பிறகு வரிசை குலைந்தது. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, கதைத்துக்கொண்டு நடந்தார்கள்.

அருவியடியில் செயற்கைக் கால் அக்கா எங்களுக்கு முன்பே போய்ப் பாறையொன்றில் அமர்ந்திருந்தார். தண்ணீர் இரைச்சலில் பேசுவது கேட்காது. சிலர் அழுதார்கள், அதுவும் கேட்கவில்லை. மாமியார் இருவரும் சேலையை வரிந்துகொண்டு கரையோரத் தண்ணீரில் கால் நனைத்தார்கள்.

நீங்களும் போக நினைத்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கீழே வெயில் எறித்தாலும் மேலே மழை பெய்தால் தண்ணீர் திடீரெனப் பெருகும். நீர் கலங்கி, இலைகுழையுடன் வந்தால் உடனே கரையேறுங்கள். ஆழமான இடத்தில் இறங்க வேண்டாம். பைன் சருகு வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு அணியுங்கள். ஈரமான இடங்களில் அட்டை கடிக்கும். உப்பும் சவர்க்காரமும் கையில் இருக்கட்டும். சிங்களத்தில் 'பம்பரா' என்றால் பெருந்தேனீ, 'கந்த' என்றால் மலை. அந்தப் பெயரை நினைவில் வைத்து, அங்கே தீ மூட்டாதீர்கள். இருட்டுமுன் வீதிக்கு வந்துவிடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பெண்களுக்கான உதவிக்கு 1938 ஆகிய இலக்கங்களைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

திரும்பும் வழியில், மொனராகலைக்கு இப்பால், எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பின் இருக்கையில் சில்லறைச் சத்தம் கேட்டது. அடுத்த சீட்டுக்கு முதல் வாரப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இம்முறை பெண்பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டுமாம்.